நீலக் கல் இல்லாத இரண்டாம் பாகம்

என் மகனும் அவன் கூட்டாளிகளும் ஒன்று சேர்ந்தால் வீட்டில் பட்டிமன்றம்தான். வாள் வீரன், டிராகன், மந்திரக் கோட்டை என்று பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிறதே ஒரு விளையாட்டு, அதில் பழையது நல்லதா புதியது நல்லதா என்று தொண்டை கட்டும்வரை கத்துவார்கள். புதியதில் குதிரையின் பிடரிமயிர்கூடக் காற்றில் ஆடுமாம். ஒருநாள் சும்மா இருக்காமல் நானும் வாயைக் கொடுத்தேன். முதல் பாகத்தில்தான் கதை நன்றாக இருக்கும் என்றேன்.

"அம்மா, முதல் பாகத்துல கதையே இல்லலா," என்றான் மகன்.

அவன் சொன்னது சரிதான். எனக்குத் தெரிந்த கதை அந்த விளையாட்டில் இல்லை. அது என் மாமா சொன்னது.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பியும் எங்களோடுதான் இருந்தார். ஷா ஆலாமில் ஒரு ஜப்பான்காரர் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. வீட்டுக்கு முதன்முதலாக டிவி கேம் வாங்கி வந்தவர் அவர்தான், பழையதுதான் என்றாலும். கூடவே வந்த கேசட்டைப் போட்டால் திரை முழுக்க ஜப்பானிய எழுத்து. எனக்கு அது கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. அழப்போன என்னைப் பிடித்து உட்கார வைத்து, "நான் படிச்சுச் சொல்றேன் பாப்பா. நம்ம கம்பெனில தினம் பேசுறதுதானே," என்றார். காலை வணக்கம், நன்றி, ஜாக்கிரதை. இந்த மூன்றுக்கு மேல் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பதை நான் எங்கே கண்டேன்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நான் பட்டனை அழுத்துவேன், மாமா படிப்பார். ஒவ்வொரு ஊர் வாசலிலும் ஈட்டியோடு ஒரு காவலன் நிற்பான். வீரன் பக்கத்தில் போனதும் எழுத்து ஓடும். மாமா குரலைக் கனமாக்கிக்கொண்டு, "நீலக் கல் இருக்கா? நீ எங்க பொறந்த? பொறந்ததுக்கு யாரு சாட்சி?" என்று அதட்டுவார். உடனே குரலைத் தாழ்த்தி வீரனாகிவிடுவார். "சாட்சி சொல்ற கிழவி செத்துப் போய்ட்டாங்க ஐயா." காவலன், "அப்ப நாளைக்கு வா," என்பான். ஆனால் திரையில் வீரன் விறுவிறுவென்று உள்ளே போய்விடுவான். எப்படிப் போகிறான் என்று கேட்டால், "பின்பக்கமா போறான்லா, நீ பாக்கல," என்பார்.

குகையில் ஒரு இளவரசி அடைபட்டிருந்தாள். அவள் கிள்ளான்காரி என்று மாமா சொன்னபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சிரித்தே விட்டார். இளவரசியின் அப்பாவான ராஜா, நீலக் கல்லைக் கொண்டுவந்தால்தான் பெண்ணைத் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அம்மா ஏன் சிரித்தார் என்பது எனக்கும் ஓரளவு தெரியும். கிள்ளானில் மாமாவுக்கு ஒரு பெண் பார்த்திருந்தார்கள். மாமாவுக்கும் அவள்மேல் கொள்ளை ஆசை. மாப்பிள்ளைக்கு நீல ஐ.சி. வரட்டும், அப்புறம் பேசலாம் என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். அம்மா பிறந்தது ஆஸ்பத்திரியில், அதனால் அம்மாவுக்கு நீல அடையாள அட்டை. மாமா பிறந்தது செமினி பக்கம் ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீட்டில். பிறப்பைப் பதிய வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தும் அக்கா குடியுரிமைக்காரி, தம்பி குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர். எனக்கோ சிவப்புதான் பிடித்த நிறம். இவ்வளவு அழகான அட்டையை வைத்துக்கொண்டு எதற்கு இந்த மனிதர் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்திருக்கிறேன். என்னத்தைச் சொல்வது!

டிராகனைக் கொன்றோம். வீரனும் இளவரசியும் கைகோத்து நடந்தார்கள், எழுத்து மேலே மேலே போனது.  என்ன எழுதியிருக்கிறது என்று நான் தோளை உலுக்கிய பிறகு மாமா, "இப்பதைக்கு வாசல் வரைக்கும்தான் கூட வருவாளாம். கல்லும் கல்யாணமும் அடுத்த பாகத்துலயாம்," என்றார்.

அந்த அடுத்த பாகம் எங்கள் கைக்கு வருவதற்குள் நான் ஆங்கிலம் சரளமாகப் படிக்கும் அளவுக்கு வளர்ந்திருந்தேன். மாமாதான் வாங்கி வந்தார். அட்டைப்பெட்டியிலேயே ஆங்கிலம். உடனே போடக் கூடாது, சனிக்கிழமை ஐ.சி. ஆபீஸில் கூப்பிட்டிருக்கிறார்கள், நல்ல சேதியோடு வருகிறேன், சேர்ந்து விளையாடலாம் என்றார். சனிக்கிழமை அப்பாவின் டையைக் கட்டிக்கொண்டு போனார். அம்மா விடிந்ததும் குளித்து, சாமி விளக்கேற்றி, பாயசத்துக்குச் சேமியாகூட எடுத்து வைத்திருந்தார்.

மத்தியானம் மாமா வந்தார். அம்மா வாசலுக்கு ஓடினார். இருவரும் மெதுவாக ஏதோ பேசினார்கள். சேமியா திரும்ப டப்பாவுக்குப் போனதை நான் பார்த்தேன், அவ்வளவுதான். மாமா டையை அவிழ்க்காமலே வந்து தரையில் உட்கார்ந்து, "போடு பாப்பா. இன்னிக்கு நீ படி," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. என்ன நிறம், என்ன இசை! ஆரம்பத்திலேயே பழைய கதையைச் சொன்னார்கள். நான் சத்தமாகப் படித்தேன். "மாமா, அவங்க ரெண்டு பேருக்கும் முதல் பாகத்துலயே கல்யாணம் ஆயிருச்சாம்! அவங்க மகன்தான் இப்ப ஹீரோவாம்!"

"ராஜா கல்லு கேக்கலையா?"

"கல்லுன்னு ஒண்ணுமே இல்ல மாமா."

முதல் ஊர் வாசலில் அதே ஈட்டியோடு காவலன் நின்றான். மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். பயணியே வருக, வேண்டிய மட்டும் தங்கி இளைப்பாறு என்று அவன் சொன்னதைப் படித்துக் காட்டினேன்.

"எங்க பொறந்தன்னு கேக்கலையா? நல்லாப் பாரு."

இன்னொரு முறை பட்டனை அழுத்தினேன். மறுபடியும் வருக என்றுதான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "மாமா, உங்களுக்கு ஜப்பான் மொழியே தெரியாதுதானே!" என்று கைதட்டிக் கூவினேன். அப்பாகூடச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். அம்மா மட்டும் எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டார்.

கிள்ளான் பெண் அடுத்த வருடம் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போனாள். மாமா அதன்பிறகு கல்யாணப் பேச்சே எடுக்க விடவில்லை. இன்னும் எத்தனையோ தடவை அந்த ஆபீஸுக்கு நடந்தார். கடைசியில் சிவப்பு அட்டையோடுதான் போய்ச் சேர்ந்தார். 

அன்று நான் பார்த்தது, மாமா சிரித்து முடித்த பிறகும் அந்தக் காவலனையே பார்த்துக்கொண்டிருந்ததைத்தான். புதுக் கேசட் அவருக்குப் பிடிக்கவில்லையோ, கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"பழசவிட இதுதான் நல்லா இருக்கு மாமா. இதுல எல்லாரையும் உள்ள விடுறாங்க," என்றேன்.

"ஆமாம்மா. புதுசுதான் நல்லது," என்று சொல்லிவிட்டு, சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

மாமாவே ஒத்துக்கொண்டார் என்று எனக்கு அன்றைக்கு அத்தனை சந்தோஷம்.