கண்ட்ரோல் கையுறையும் ராசிக்கல் மோதிரமும்

நாற்பத்தைந்து வயதில், தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில், தரம் சோதிக்கும் கியூசி லேப்பில் சேர்ந்தேன். மூன்று மாதம் புரொபேஷன். தவறு செய்தால் வேலை போகும். ரப்பர் கையுறையைக் குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, அது விரல்களுக்குள் இறங்க உள்ளங்கையால் தாங்கி அமுக்கிவிட வேண்டும். இரண்டு நிமிடத்தில் சொட்டினால் ஃபெயில்.

தனியாக டெஸ்ட் செய்த முதல் நாள், பத்தில் ஏழு சொட்டின. வெளியே அந்தச் சரக்குக்காக லோரி காத்திருந்தது. கையுறைகளைவிட எனக்குத்தான் அதிகம் ஒழுகியது, நெற்றியில். ஃபெயில் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் பயந்து சூப்பர்வைசர் பரமேஸ்வரியைக் கூப்பிட்டேன். கேரி தீவுக்காரர், என்னைவிட இளையவர்.

"அண்ணே, கண்ட்ரோல் போட்டீங்களா?"

அது என்னவென்றே தெரியாது. "போட்டேன் மேடம்."

"எங்க?"

அலமாரிப் பக்கம் பொதுவாகக் கை காட்டினேன்.

"பொய்கூட ஒழுங்கா வரல லா உங்களுக்கு." ஒரு பெட்டியை எடுத்தார். "இது போன வாரம் பாஸான கையுறை. நல்லதுன்னு தெரிஞ்சத அதே மாதிரி டெஸ்ட் பண்ணிப் பாக்கணும், அதுதான் கண்ட்ரோல். இதுவும் ஒழுகினா, தப்பு கையுறையில இல்ல."

மாட்டித் தண்ணீர் ஊற்றினேன். அதுவும் ஒழுகியது.

"தள்ளுங்க." அதே பெட்டியில் மூன்றை அவர் செய்தார். ஒரு சொட்டு இல்லை. "இப்ப கையக் காட்டுங்க."

காட்டினேன். திருப்பச் சொன்னார். உள்ளங்கைப் பக்கம் மோதிரக்கல் மின்னியது. அதைப் பிடித்திருந்த கம்பி முனை ஊசியாக நீட்டிக்கொண்டிருந்தது.

"நகை கூடாதுன்னு போர்டு இருக்கே?"

"அதான் மேடம், கல்ல உள்ள திருப்பிட்டேன்."

"எதுக்குண்ணே இது?"

"வேல நிலைக்கணும்னு பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு ஜோசியர் போடச் சொன்னாரு."

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மோதிரத்தைக் கழற்றிவிட்டு, லோரிச் சரக்கிலிருந்து புதிதாகப் பத்தை டெஸ்ட் செய்தேன். பத்தும் பாஸ். லோரி கிளம்பியது.

"என் வேல மேடம்?"

"கையெழுத்து போடறதுக்கு முன்னாடி கூப்பிட்டீங்க, அதனால விடறேன். இனிமே தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து கண்ட்ரோல் என்ற சொல் என் வீட்டுக்கும் வந்துவிட்டது. கைபேசியில் லைன் இல்லையென்றால், கம்பெனியைத் திட்டும் முன் மனைவியின் கைபேசியைப் பார்க்கிறேன். ரசத்தில் உப்பில்லை என்று சொல்லும் முன் ஊறுகாயை நக்கிப் பார்க்கிறேன். அதுவும் சப்பென்றிருந்தால் கோளாறு என் நாக்கில்.

மோதிரத்துக்கும் கண்ட்ரோல் போட்டாயிற்று. அது இல்லாமல் ஆறு வருடம் வேலை செய்து பார்த்தேன், வேலை நிலைத்திருக்கிறது. ரிசல்ட்டை ஜோசியரிடம் இன்னும் சொல்லவில்லை.