வாய்க்குப் பழகிய பெயர்

கர்ப்பத்தில் வந்த சத்தி, வாந்தி எல்லாம் ஐந்தாம் மாதத்தோடு நின்றுவிட்டன. மகள் பிறந்து, அவளுக்குப் பெயர் பார்க்கத் தொடங்கிய பிறகு திரும்பவும் வயிற்றைப் புரட்டத் தொடங்கியது. இந்த முறை அதற்கு மருந்தும் இருக்கவில்லை.

என் கணவரின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் ஊன்றிய குடும்பம். அரைவாசிப்பேர் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். மாமனார் மாமியார் காலமாகிவிட்டதால் அவர்களுக்குச் சேரவேண்டிய அதிகாரம் முழுவதும் பாமன்கடையில் இருக்கும் மச்சாளிடம், அதாவது கணவரின் அக்காவிடம், வந்து சேர்ந்திருந்தது. பிள்ளை பிறந்த அன்றே அவர் பெயர் பார்ப்பதற்கென்று ஒரு வட்ஸ்அப் குழு தொடங்கினார். என்னையும் அதில் சேர்த்தார். அது அவருடைய பெருந்தன்மை.

காலையில் கண் விழித்தால் கைத்தொலைபேசி நிறையப் பெயர்கள். நட்சத்திரத்துக்கு உரிய எழுத்தில் தொடங்கவேண்டும், கூட்டினால் நல்ல எண் வரவேண்டும், வெள்ளைக்காரனின் நாக்கில் சிக்கக்கூடாது, சொந்தத்தில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இருக்கக்கூடாது. இவ்வளவுக்கும் ஈடுகொடுத்து வந்த பெயர்களை வாய்விட்டு வாசித்தால் பல் தீட்டி வாய் கொப்பளிப்பது போல இருந்தது. ஒன்றுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். சமஸ்கிருதத்தில் ஏதோ ஒளி என்று லண்டனிலிருந்து பதில் வந்தது. அடுத்ததற்குக் கேட்டேன். அதற்கும் ஒளிதான். அந்தக் குடும்பத்தில் இருட்டைக் கண்டு அப்படி ஒரு பயம்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பெயர். என் அம்மாவின் பெயர். பழைய சாமிப் பெயர்தான். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எந்த லயத்து வீடுகளுக்கு முன்னால் போய்க் கூப்பிட்டாலும் இரண்டு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அதை நான் இங்கே எழுதவில்லை. இதில் வருகிற யாருடைய பெயரையும் எழுதவில்லை. பெயர் கூப்பிடுவதற்கு என்று நினைக்கிறவள் நான்.

அம்மா சின்னப் பெண்ணாகத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர். அப்பா புறக்கோட்டையில் மூட்டை தூக்கினார். கொட்டாஞ்சேனையில், ஒரு பொதுக் குழாயைச் சுற்றியிருந்த வீடுகளில் ஒன்றில் நாங்கள் இருந்தோம். குழாயடியில் எல்லோரும் அம்மாவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். விடிந்ததும் அம்மா பஸ் ஏறி வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போவார். பாடசாலை விடுமுறையில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்.

முதல் தடவை போனபோது அந்த வீட்டு அம்மா முன்வாசலில் நின்று ஏதோ ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வீட்டில் இன்னொருவர் வேலைக்கு இருக்கிறார் என்று நினைத்தேன். என் அம்மா, "வாரேங்கம்மா" என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் திரும்பி வரும்போது கேட்டேன். அது அம்மாவுக்கு முன்னால் அங்கே வேலை செய்தவரின் பெயராம். அந்த வீட்டார் வாய்க்கு அது பழகிவிட்டதாம். ஆள் மாறினாலும் பெயரை ஏன் மாற்றவேண்டும் என்று விட்டுவிட்டார்களாம். இதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தார்.

"எதச் சொல்லிக் கூப்பிட்டா என்ன, நான் வந்துருவேன்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாரோ உடுத்துக் கழற்றிய உடுப்பை, தோய்க்காமல்கூட, என் அம்மாவுக்கு உடுத்திவிட்டது போல அருவருப்பாக இருந்தது. எனக்கு இன்ஷுவரன்ஸ் கந்தோரில் வேலை கிடைக்கும்வரை அம்மா அந்தப் பெயரில்தான் அங்கே உழைத்தார். அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது.

அம்மா இறந்தபோது அந்த வீட்டார் கொட்டாஞ்சேனைக்கே வந்தார்கள். பொய் சொல்லக்கூடாது, நல்ல சனம்தான். அந்த வீட்டு அம்மா பெட்டியின் மேல் கை வைத்து, தான் கூப்பிட்டுப் பழகிய அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். யாரை நினைத்து அழுகிறார் என்று தெரியாமல் குழாயடிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். செத்த வீட்டில் வைத்து அவரைப் பிடித்துத் தள்ளவேண்டும் போல எனக்கு வந்தது. தள்ளவில்லை. மகள் பிறந்தால் அம்மாவின் பெயர்தான் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன்.

பிள்ளை பிறந்த பிறகு அதை நான் வட்ஸ்அப் குழுவில் எழுதியதும் குழு அடங்கிவிட்டது. அன்று பின்னேரமே மச்சாள் நேரில் வந்தார். கையில் எனக்கு மல்லி, மிளகு அரைத்து வைத்த சரக்குக் கறி. அதையும் சொல்லவேண்டும், பிள்ளைப்பெற்ற உடம்பு என்று அவர் எனக்குச் செய்ததில் குறை கிடையாது. கறியை வைத்துவிட்டுச் சொன்னார்.

"அது எங்கட வீட்டில வேலை செய்யிறவளின்ர பேரெல்லோ. பிள்ளையைக் கூப்பிடேக்க எனக்கு அவளின்ர முகம்தான் வரும்."

அவர் சொன்னது உண்மைதான். மச்சாள் வீட்டில் வேலை செய்த அக்காவுக்கும் அதே பெயர். ஹட்டன் பக்கத்தவர், என்னைவிட மூத்தவர். என் மகளைக் குளிப்பாட்டவும் துணி தோய்க்கவும் மச்சாள் அவரைத்தான் காலையில் எங்கள் பிளட்டுக்கு அனுப்புவார். அந்த அக்கா மச்சாளை அம்மா என்றும் என்னைச் சின்னம்மா என்றும் கூப்பிடுவார். நான் அவரை அக்கா என்பேன். மச்சாள் வீட்டில் மட்டும் பத்து வயதுப் பிள்ளைகூட அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும். அந்தப் பெயரைக் கேட்டு எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. மச்சாளுக்கு அதே பெயர் மூக்கைச் சுளிக்க வைத்தது. சரக்குக் கறியை மூடி ஒதுக்கி வைத்தேன்.

கணவர் நல்லவர். தன் அக்கா முன்னால் மட்டும் அவருக்கு முதுகெலும்பு இராது. அன்றிரவு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாக வந்து உட்கார்ந்தார்.

"பதிவில அவையின்ர பேர் இருக்கட்டும். வீட்டில நாங்கள் உம்மட அம்மாவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுவம். கூப்பிடுறதுதானே பேர்."

கடைசியாகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். அம்மாவுக்குப் பெயர் அட்டையில் இருந்தது, வாயில் இருக்கவில்லை. மகளுக்கு வாயில் இருந்தால் போதும் என்று எனக்கும் பட்டது. மச்சாளும் சம்மதித்தார். வெளி ஆட்கள் முன்னால் அந்த வீட்டுப் பெயரைச் சொல்லாமல் இருந்தால் சரி என்றார். அதையும் விழுங்கினேன். விழுங்கி விழுங்கித்தான் எனக்கு வயிறு அப்படிப் புரட்டியிருக்கவேண்டும்.

பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, தீட்டுக் கழிக்கும் சடங்கு. ஐயர் வந்து மாவிலையால் வீடு முழுக்கத் தண்ணீர் தெளித்தார். பிள்ளையின் காதில் பெயர் சொல்லும் உரிமை மாமிக்கு, அதாவது மச்சாளுக்கு. வெற்றிலையால் காதை மறைத்துக்கொண்டு ஒளிப் பெயரை மூன்று தரம் சொன்னார். கனடாவில் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார். வீட்டுப் பெயரை ஒரு தரம், தொண்டையைச் செருமுவது போலச் சொல்லி முடித்தார். கேக் வந்தது. அதிலும் ஒளிதான், மினுக்கத் தூள் போட்டு.

ஐயர் போன பிறகு எல்லோரும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தோம். வேலை செய்யும் அக்கா வடை வைத்துக்கொண்டு வந்தார். மச்சாளின் இலைக்கு வந்தபோது, நல்ல மனதோடுதான், ஒரு சிக்கலைத் தீர்த்துவைக்கிற முகத்தோடு மச்சாள் அவரிடம் சொன்னார்.

"இனி உன்ர பேர் பிள்ளைக்கு. கூப்பிடேக்க குழம்பும். உனக்கு முதல் இருந்தவளின்ர பேராலயே உன்னைக் கூப்பிடுறம். எங்களுக்கும் வாய்க்குப் பழகின பேர்."

அந்த அக்கா வடைத் தட்டை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு சிரித்தார்.

"சரிங்கம்மா. எதச் சொல்லிக் கூப்பிட்டாலும் நான் வந்துருவேன்."

என் கையில் இருந்த சோற்றைத் திரும்ப இலையில் வைத்தேன். அதே வார்த்தை, அதே சிரிப்பு. எந்த அசிங்கத்தை என் அம்மாவுக்குச் செய்தார்களோ, அதையே என் அம்மாவின் பெயரைச் சொல்லி, என் பிள்ளையைச் சாட்டாக வைத்து, என் வீட்டிலேயே இன்னொருத்திக்குச் செய்கிறார்கள். சுற்றியிருந்தவர்கள் பாயாசத்தில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பு.

பிள்ளைக்கு அந்தப் பெயர் வேண்டாம் என்று சொல்லத்தான் முதலில் வாய் திறந்தேன். சொன்னால் மச்சாளுக்குப் பரம சந்தோஷம், பிள்ளையின் வீட்டுப் பெயரும் கூப்பிடுகிற குழப்பமும் ஒன்றாகக் கழியும் என்று அந்தக் கணத்திலேயே விளங்கியது. கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர்கள் முன்னால் நான் அவர்களைப் போலக் கதைக்கப் பழகியிருந்தேன். அன்றைக்கு வாயில் வந்தது குழாயடித் தமிழ்.

"புள்ளைக்கு ஒரே பேருதான். பதியிறதும் அதான், கூப்புடுறதும் அதான். எங்கம்மா பேரு. இந்த அக்கா பேரும் அதான். அத யாரும் மாத்த வேணாம்."

மச்சாள் கோபப்படவில்லை. விளங்காத பிள்ளைக்கு விளங்கப்படுத்துவது போல, இரண்டு பேருக்கும் ஒரே பெயர் என்றால் கூப்பிடும்போது யார் வருவது என்று கேட்டார்.

"யாரும் வர வேணாம். கூப்புடுற நீங்களே எந்திரிச்சு வாங்க."

கணவர் இலையைப் பார்த்தபடி இருந்தார். மச்சாள் கையைக் கழுவினார், காப்பைச் சரிசெய்தார், அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார். போகும்போது அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னால் அவருக்கு அன்று வீட்டில் என்ன ஏச்சு விழுந்ததோ, தெரியாது. மறுநாளிலிருந்து பிள்ளையை நானே குளிப்பாட்டினேன்.

பதிவுக்குக் கணவரோடு நானும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண், பிள்ளையின் பெயர் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். கணவர் என்னைப் பார்த்தார். பிறகு கசப்பு மருந்து குடிக்கிறவர் போலக் கண்ணை மூடித் திறந்து, என் அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு அதை எழுதுவதில் எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. வெளியே வந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஒரு தடவை அவர் தன் அக்காவுக்குத் தம்பியாக இருக்கவில்லை.

கனடாக்காரர் இன்னும் ஒளிப் பெயரில்தான் பிள்ளைக்கு உடுப்பு அனுப்புகிறார்கள். வீடியோவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சுகிறார்கள். வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மகள் பின்னால் திரும்பிப் பார்க்கிறாள். எனக்கு அதைப் பார்க்கக் கொள்ளை ஆசை.

மச்சாள் வீட்டுக்கு நாங்கள் திரும்பப் போனது கார்த்திகை விளக்கீட்டுக்குத்தான். அதற்குள் மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். மச்சாள் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். பெயர் சொல்லிக் கொஞ்சவில்லை, குஞ்சு, செல்லம் என்று சமாளித்தார். குசினிக்குள் சமையல் வேலை நடந்துகொண்டிருந்தது. மச்சாள் இடைக்கிடை உள்ளே பார்த்துக் கூப்பிட்ட பெயர், அங்கே முன்னர் இருந்தவளின் பெயர். கூப்பிடக் கூப்பிட உள்ளேயிருந்து அந்த அக்காவின் குரலில் பதில் வந்தது. ஆகவே என் வீட்டில் நான் போட்ட சத்தம் பாமன்கடை வரை எட்டவில்லை.

முன்வாசலில் மண் சுட்டி விளக்குகள் வரிசையாக எரிந்தன. நாங்கள் கதைத்துக்கொண்டிருக்க மகள் தத்தித் தத்தி விளக்கடிக்குப் போய்க் கையை நீட்டினாள். நான் பதறிப்போய் அவளுடைய பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"வாரேங்க."

குரல் குசினிக்குள்ளிருந்து வந்தது. நான் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கித் திரும்பும்போது அந்த அக்கா முன்னறை வாசலில் நின்றார். கை முழுக்க மா. ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. அந்த வீட்டில் அந்தப் பெயர் சத்தமாகக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருக்கும். வந்த பிறகுதான் பிள்ளையைக் கூப்பிட்டது என்று அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"உன்னை இல்லை, பிள்ளையை" என்றார் மச்சாள். பிறகு மற்றப் பெயரைச் சொல்லி, உள்ளே போய் வேலையைப் பார்க்கச் சொன்னார்.

அந்த அக்கா உள்ளே போகத் திரும்பினார். நான் திரும்பவும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிள்ளை என் இடுப்பில்தான் இருந்தது.

"என்னங்க சின்னம்மா?"

சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன்.