தங்கச்சி கொண்டுவந்த ஏப்ரிகொட் பியர்

என் தங்கச்சி சுவிஸிலிருந்து முதன்முறையாகச் சிட்னிக்கு வந்தபோது அவளுடைய பெட்டியில் உடுப்புகளைவிடப் போத்தல்கள்தான் அதிகம் இருந்தன. ஒவ்வொரு போத்தலையும் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, மேலே ஒரு சட்டையைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். சுங்கப் பகுதியில் மறித்துவிட்டார்களாம். நாங்கள் வெளியே வெகுநேரம் காத்து நின்றோம். கடைசியில் அவள் வந்தபோது ஓர் அதிகாரி அவளுடைய வண்டிலைக் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்தார். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"தீர்வை கட்டச் சொன்னவர். கட்டிப்போட்டு, செர்ரி பியர் எப்பிடிச் செய்யிறதெண்டு அவருக்கு விளங்கப்படுத்தினனான்" என்றாள்.

சிட்னியில் இருபது வருடம் இருந்தும் அந்த விமான நிலையத்தில் எந்த அதிகாரியும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. என் எரிச்சல் அங்கேயே தொடங்கிவிட்டது.

எங்கள் இருவருக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம். எண்பத்து நான்கில் கல்யாணம் பேசி என்னைச் சிட்னிக்கு அனுப்பினார்கள். அடுத்த வருடம் அவள் யாருக்கும் சொல்லாமல் கொழும்புக்குப் போய், அங்கிருந்து எப்படியோ சுவிஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கே ஒருவனைக் கட்டினாள், பிரிந்தாள், ஹோட்டல்களில் கோப்பை கழுவினாள். பிறகு மலையடிவாரத்தில் இரண்டு சகோதரர்கள் நடத்திய சின்னப் பியர் ஆலை ஒன்றில் போத்தல்களுக்கு லேபிள் ஒட்டச் சேர்ந்தாள். பழைய மாட்டுக்கொட்டிலைத் திருத்திச் செய்த ஆலை. பழங்கள் போட்டுப் பியர் வடிப்பதுதான் அவர்களின் விசேஷம். ஏப்ரிகொட், செர்ரி, பேரிக்காய், பிளம்ஸ் என்று அந்தந்தக் காலத்தில் எது விளைகிறதோ அது. சில வருடங்களில் எந்தப் பழத்தை எவ்வளவு போடுவது என்பதையே இவளிடம் கேட்டுச் செய்கிற நிலை வந்துவிட்டது.

இதெல்லாம் தொலைபேசியில் கேட்டபோது, பாவம், எங்கோ தனியே கஷ்டப்படுகிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு ஆறுதலும் இருந்தது. நேரில் பார்த்தபோது அவள் பாவமாகத் தெரியவில்லை. கட்டையாக வெட்டிய நரைத்த முடி, வெயில் பட்ட முகம், யாருக்காகவும் குறைக்காத குரல்.

அவள் வந்த கிழமைச் சனிக்கிழமை பின்னேரம் செவன் ஹில்ஸில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போத்தல்களை வரிசையாக வைத்தாள். எங்களிடம் இருந்த பெரிய கண்ணாடிக் குவளைகளைப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் அக்கா, இதில தண்ணி குடிக்கலாம்" என்று சொல்லி, அலுமாரியின் மேல்தட்டில் இருந்த மெல்லிய கிளாஸ்களை எடுத்துக் கழுவினாள். விருந்தாளிகளுக்கென்று நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தவை.

"உடன குடிக்கக்கூடாது. முதல்ல மணந்து பாருங்கோ அத்தான்."

என் கணவருக்குப் பியர் என்றால் கிரிக்கெட் பார்க்கும்போது குளிர்பெட்டியிலிருந்து எடுத்து உடைக்கும் தகர டின்தான். அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார்.

அவருக்கு நான் இருபது வருடமாகச் சமைக்கிறேன். என்னுடைய நண்டுக் குழம்புக்கு ஊர் முழுக்கப் பெயர். அதைச் சாப்பிட்டுவிட்டு அவர் ஒருநாளும் கண்ணை மூடியதில்லை. "உப்புக் கொஞ்சம் காணாது" என்பார், அல்லது ஒன்றும் சொல்லமாட்டார்.

"மாம்பழத் தோலைக் கடிச்ச மாதிரி ஒரு மணம்" என்றாள் என் மகள். இதை அவள் தமிழில் சொன்னாள். என்னோடு பேசும்போது எதற்கும் ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவள்.

"சரியாச் சொன்னாய்! ஏப்ரிகொட் தோலோட போட்டால்தான் அது வரும்" என்று தங்கச்சி அவள் தோளில் தட்டினாள்.

நான் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன். "அக்கா, நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரன்" என்று தங்கச்சி கூப்பிட்டாள்.

"எனக்கு வேண்டாம். ஆரும் ஒராள் அடுப்படியில நிக்கவேணுமே" என்றேன்.

அதன்பிறகு கணவர் எழுந்து தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் போய்விட்டார். தங்கச்சியும் மகளும் மேசையில் இருந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே எனக்குப் பாதிதான் கேட்டது. அடுப்பைக் குறைத்தேன்.

"ஏப்ரலுக்குப் பிறகு நான் ஒரு வகுப்புக்கும் போகேல்லை சித்தி. பார்மசிப் படிப்பு எனக்குப் பிடிக்கேல்லை. அம்மாட்டச் சொல்லேலாது."

அப்போது டிசம்பர். ஏப்ரலிலிருந்து பல்கலைக்கழகம் மூடும்வரை அவள் தினமும் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறினாள். தினமும் நான் சோறு கட்டிக் கொடுத்தேன். பிள்ளை படிப்பை விட்டது எனக்குப் பெரிய இடி. ஆனால் அந்த நேரத்தில் நெஞ்சில் குத்தியது அது இல்லை. ஒரு கிழமைக்கு முன்பு வந்த ஒருத்தியிடம் அவள் அதைச் சொல்லிவிட்டாளே என்பதுதான். ரோல்ஸை எடுக்க மறந்து நின்றேன். ஒரு பக்கம் கருகிவிட்டது.

நான் எதையும் கேட்காதவள் போலவே இருந்துவிட்டேன்.

அடுத்த நாட்களில் தங்கச்சியின் புகழ் பரவியது. யார் தொலைபேசி எடுத்தாலும் முடிவில் ஒன்றையே சொன்னார்கள். "வரேக்க உங்கட தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." கோயிலுக்குத் தவறாமல் போகும் ஒரு அன்ரி வந்து, "பழச்சாறு மாதிரித்தானே பிள்ளை?" என்று கேட்டு, இரண்டு கிளாஸ் பேரிக்காய்ப் பியர் குடித்துவிட்டுச் சிவந்த முகத்தோடு சோபாவில் இருந்து பழைய கதைகளெல்லாம் சொன்னார். அவ்வளவு காலம் பழகியும் என்னிடம் சொல்லாத கதைகள்.

அந்தக் கிழமை நான் என் வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மதுக்கடைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை முடித்து, பரமட்டாவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, தெரிந்த முகம் ஏதும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தேன். கழுத்தில் வேலையிடத்து அடையாள அட்டை தொங்கியதை உள்ளே போன பிறகுதான் கவனித்துக் கழற்றினேன். பழம் போட்ட பியர் இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரப் பெடியன் ஒரு ராஸ்பெரிப் பியரையும் ஒரு செர்ரிப் பியரையும் காட்டினான். யாருக்கும் பரிசாகக் கொடுக்க வாங்குகிறீர்களா என்று கேட்டான். ஓம் என்று தமிழிலேயே சொல்லித் தலையாட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானே மேசையில் கிளாஸ்களை வைத்தேன். ராஸ்பெரிப் பியரை ஊற்றினேன். "முதல்ல மணந்து பாருங்கோ" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

கணவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிளாஸைத் தள்ளிவைத்தார். "இதென்னப்பா, இருமல் மருந்து மாதிரிக் கிடக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தங்கச்சி சிரிக்கவில்லை. கிளாஸை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, "நல்லாயிருக்கு அக்கா" என்றாள்.

மகள் சிரித்ததை என்னால் தாங்க முடிந்தது. தங்கச்சி இரங்கியதைத் தாங்க முடியவில்லை. எழுந்து பின்பக்கம் போய், காய்ந்தும் காயாததுமாய்க் கொடியில் கிடந்த துணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"என்ன அக்கா இது?"

"பொய் சொல்லாதை. நல்லாயில்லை எண்டு உனக்குத் தெரியும்."

"சரி, நல்லாயில்லை. இனிப்புப் பாகை ஊத்தி வைச்சிருக்கிறாங்கள். அதுக்கேன் அழுறாய்?"

"நான் அழேல்லை. நீ வந்து ரெண்டு கிழமை ஆகேல்லை, என்ர வீட்டை எடுத்திட்டாய். இவர் உனக்குப் பின்னால திரியிறார். அவள் உன்னோட மட்டும் தமிழ் கதைக்கிறாள். நான் இஞ்ச எல்லாம் ஒழுங்காச் செய்தனான். சொன்ன இடத்தில கலியாணம் கட்டினன், சொன்ன வேலைக்குப் போனன். நீ நினைச்ச மாதிரி ஓடினாய். கடைசியில எல்லாருக்கும் உன்னைத்தான் பிடிக்குது."

அவள் அழுவாள், அல்லது தான் பட்ட கஷ்டங்களைச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் ஒரு தலையணை உறையை எடுத்து மடித்தாள்.

"ஓம் அக்கா, நான் சந்தோசமாத்தான் இருக்கிறன். அதுக்காக உன்னட்ட மன்னிப்புக் கேக்கமாட்டன். உனக்கு எரிச்சலெண்டா எரி. நான் என்ன செய்ய?"

நான் கொடியில் கிடந்த அடுத்த துணியைப் பிடுங்கினேன்.

அவள் மடித்த உறையை என் கையில் தந்துவிட்டுக் கேட்டாள். "நான் கொண்டுவந்ததில நீ ஒரு சொட்டும் வாயில வைக்கேல்லை. குடிக்காமலே எதில எரியிறாய்?"

அவள் உள்ளே போய், தான் கொண்டுவந்ததில் மிஞ்சியிருந்த செர்ரிப் பியர்ப் போத்தலையும் இரண்டு கிளாஸையும் எடுத்து வந்தாள். பின்வாசல் படியில் இருவரும் இருந்தோம். நான் மணந்து பார்க்கவில்லை. ஒரேயடியாகக் குடித்தேன். முதலில் புளிப்பு, அதன் பின்னால் செர்ரி, எல்லாம் போன பிறகு கொட்டையைக் கடித்ததுபோல் ஒரு மெல்லிய கசப்பு நாக்கின் அடியில் நின்றது. எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததுதான் இன்னும் அதிக எரிச்சலைத் தந்தது. கிளாஸை மறுபடியும் நீட்டினேன். அவள் ஊற்றினாள்.

"பிள்ளை படிப்பை விட்டதை நான் கேட்டனான்" என்றேன்.

"தெரியும். ரோல்ஸ் கருகின மணம் வந்தது."

"ஏன் உன்னட்டச் சொன்னவள்?"

"நான் போயிடுவன்தானே அக்கா. போறவளிட்டச் சொல்லுறது சுகம். உன்னட்டச் சொன்னால் அவள் ஒவ்வொரு நாளும் உன்ர முகத்தைப் பாக்கவேணும்."

அன்று பின்னேரம் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் அழுதாள், நான் கத்தினேன், அவளுடைய அப்பா இருவருக்கும் நடுவில் நின்று கையைப் பிசைந்தார். தங்கச்சி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். அந்த ஒன்றுக்காக மட்டும் அவளுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

தங்கச்சி திரும்பிப் போன அடுத்த வருடம் மகளும் சுவிஸுக்குப் போனாள். கொஞ்ச காலம் சித்தியோடு நின்று வேலை பழகிவிட்டு வருவதாகச் சொன்னாள். நான் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் "சித்தி அப்பிடிச் சொன்னவ, சித்தி இப்பிடிச் சொன்னவ" என்று அவள் சொல்லும்போதெல்லாம் தொலைபேசி வயரை விரலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு நிற்பேன். திரும்பி வந்தவள் சிட்னிக்கு வரவில்லை. மெல்பேர்னில் ஒரு பழைய கராஜில் நண்பர்கள் சிலர் தொடங்கிய பியர் ஆலையில் சேர்ந்துவிட்டாள்.

இரண்டாயிரத்து ஒன்பதில் தங்கச்சி மறுபடியும் வந்தாள். அவளும் நானும் மெல்பேர்னுக்குப் போனோம். மகள் முழங்கால்வரை ரப்பர்ச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிலத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். தங்கச்சியைக் கண்டதும் ஓடிவந்து அவளைத்தான் முதலில் கட்டிப்பிடித்தாள். பிறகு என்னை. நான் கவனித்தேன். கவனிக்காமல் இருக்க என்னால் முடியாது.

தானே முதன்முதலாகச் செய்த பிளம்ஸ் பியர் என்று சொல்லி ஒரு தாங்கியிலிருந்து எங்களுக்கு ஊற்றிக்கொடுத்தாள். நான் மணந்து பார்த்தேன், குடித்தேன். மகள் கையைத் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்து நின்றாள்.

"எப்பிடி அம்மா?"

"இனிப்புக் கூடிப்போச்சு" என்றேன்.

மகளின் முகம் சுருங்கியது. தங்கச்சி தன் கிளாஸை மேசையில் வைத்தாள்.

"நானும் அதைத்தானே ரெலிபோனில சொன்னனான்? பழத்தைக் குறை, குறையெண்டு தலைதலையா அடிச்சுக்கொண்டனான். இவள் என்ர சொல்லைக் கேட்டால்தானே!"

"ரெண்டு பேரும் சும்மா இருக்கிறீங்களா?" என்று மகள் கத்திவிட்டு, தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு ஆலையின் மறுபக்கம் போய்விட்டாள்.

தங்கச்சி அவள் போன திசையையே பார்த்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். அந்த முகத்தை நான் கண்ணாடியில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, பிளம்ஸ் பியரில் இன்னும் கொஞ்சம் எனக்கு ஊற்றினேன்.