கோட்டைச் சுவரில் அண்ணியும் நாத்தனாரும்

துறைமுக ஊரான மத்தோசின்யுஷின் மீன் சந்தையில் இடலினாவின் குரலுக்குத் தனி மரியாதை. "மத்தி! துள்ளுற மத்தி!" என்று அவள் கூவினால், துறைமுகத்தில் படகு கட்டுகிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான். பாவாடை கட்டத் தெரிந்த வயதிலேயே அம்மாவின் மீன் கூடையைத் தலையில் வாங்கியவள். அதே சந்தைக்கு வலை விற்க வந்த அபிலியுவைக் காதலித்துக் கட்டிக்கொண்டு, மூன்று பிள்ளைகளைப் பெற்றாள். சிரித்தால் தெருக்கோடி வரை கேட்கும். கோபமும் அப்படியே.

அவளுடைய கோபங்களில் ஒன்று மட்டும் ஆறவே இல்லை. கடைக்குட்டியின் ஞானஸ்நான விருந்தில் இடலினா காட் மீன் கருவாடு சமைத்திருந்தாள். அபிலியுவின் தங்கை பெனில்டி ஒரு வாய் தின்றுவிட்டு, அத்தனை பேர் முன்னால், "என்ன அண்ணி, கடல் மொத்தத்தையும் தட்டுல வச்சிட்டீங்க?" என்றாள். இடலினா நாத்தனார் கையிலிருந்த தட்டை வாங்கி, வாசலில் இருந்த பூனைக்கு வைத்தாள். அன்றோடு பேச்சு நின்றது. கடைக்குட்டி இப்போது பள்ளிக்கூடம் போகிறான். அவர்கள் இன்னும் பேசவில்லை.

ஒவ்வொரு கோடையிலும் முடி வெட்டுகிற செஃபெரீனு ஒரு பஸ்ஸை வாடகைக்குப் பிடித்து, அக்கம்பக்கத்தாரை எங்காவது கூட்டிப்போவார். அந்த வருஷம் கிமராய்ஷ். இடலினாவையும் கூப்பிட்டார்.

"நம்ம நாடு பொறந்த ஊரும்மா. கோட்டையெல்லாம் இருக்கு. நீ ஒரு தடவைகூட வந்ததில்ல."

"கல்லைப் பாக்க பஸ்ஸுல போகணுமாண்ணே? எங்க தெருவுலயே நெறையக் கெடக்கு, தடுக்கி விழுற அளவுக்கு."

இருந்தாலும் அபிலியு தனக்கும் அவளுக்குமாக இரண்டு இடம் பதிந்துவிட்டான். போகிற வாரத்தில் படகு ஏணியிலிருந்து விழுந்து அவன் கால் வீங்கிக்கொண்டது. பஸ்ஸில் காலி இடம் கிடக்கக்கூடாது என்று, செஃபெரீனு கடைசி நேரத்தில் கேட்டு வந்தவர்களில் ஒருத்திக்கு அதைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இடலினா பஸ் ஏறிப் பார்த்தால், ஜன்னலோரம் புது உதட்டுச்சாயமும் குதிகால் செருப்புமாகப் பெனில்டி.

வழி முழுவதும் இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுக் கூடைதான் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருந்தது.

"செஃபெரீனு அண்ணே, அந்த ஜன்னலைக் கொஞ்சம் தெறக்கச் சொல்லுங்க. சிலரு பூசியிருக்குற சென்ட்டுல எனக்குத் தலை சுத்துது."

"அண்ணே, நான் சென்ட் பூசுனதே பக்கத்துல அடிக்கிற மீன் நாத்தத்துக்குத்தான்னு சொல்லுங்க."

"ரெண்டு பேரும் எனக்குச் சொல்லாதீங்கம்மா. நான் முடி வெட்டுறவன், வக்கீல் இல்ல" என்று அவர் டிரைவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார்.

கோட்டை குன்றின் மேல் இருந்தது. மதில் மேலே போகிற படிக்கட்டைப் பார்த்ததும் பாதிப் பேர் மரநிழலில் அமர்ந்துவிட்டார்கள். பெனில்டி காற்றோடு பேசுவதுபோல், "கனத்த ஒடம்புக்காரங்க கீழயே இருக்கறது நல்லது" என்றாள். அதற்கப்புறம் இடலினா கீழே இருப்பாளா? விடுவிடுவென்று ஏறினாள். அண்ணி ஏறியபின் பெனில்டிக்கும் வேறு வழியில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஏறினாள்.

மேலே நடைபாதை ஒடுக்கம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கூட வந்தவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பசிக்கிறதென்று இறங்கிப் போய்விட்டார்கள். அப்போதுதான் இடலினா கீழே எட்டிப் பார்த்தாள்; அதற்குமேல் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தாள். பெனில்டி மதில் கல்லைக் கட்டிப்பிடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு எப்போதோ கீழே விழுந்திருந்தது.

"அண்ணி" என்றது அந்தக் கல்லருகிலிருந்து ஒரு சின்னக் குரல். "நான் செத்துருவேன் போல இருக்கு அண்ணி."

"சாவாத. உன் அண்ணனுக்கு நான் பதில் சொல்ல முடியாது. கையைக் குடு."

"கல்லை விட்டா விழுந்துருவேன்."

"நானும்தான்டி நடுங்குறேன்! உக்காரு. உக்காந்துக்கிட்டே தேய்ச்சுக்கிட்டுப் போலாம்."

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நல்ல பாவாடையெல்லாம் கல்லில் தேய, கையைக் கோத்துக்கொண்டு, குழந்தைகள்போல அங்குலம் அங்குலமாக நகர்ந்தார்கள். பாதி வழியில் பெனில்டி நகர்வதை நிறுத்தினாள்.

"அண்ணி, ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு மீனு நெஜமாவே உப்புதான்."

இடலினா, "தெரியும்" என்றாள். "சரியா ஊறப்போடல. நானே வாயில வைக்க முடியாமத் துப்பிட்டேன்."

"அப்புறம் ஏன் என் தட்டைப் புடுங்குனீங்க?"

"நீ உண்மையைச் சொல்லிட்டியே, அந்த ஆத்திரந்தான்! பூனைகூட மோந்து பாத்துட்டு ஓடிருச்சு, தெரியுமா?"

பெனில்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து இடலினாவுக்கும் வந்தது. சிரிக்கச் சிரிக்க உடம்பு குலுங்கியது, குலுங்கக் குலுங்கப் பயம் கூடியது, பயம் கூடக்கூட இன்னும் சிரிப்பு. கடைசியில் இடலினா சந்தைக் குரலை எடுத்தாள்: "செஃபெரீனு அண்ணே! எங்களை எறக்குங்க!"

குன்றே திரும்பிப் பார்த்தது. கீழே சின்னத் தேவாலயத்திலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. மணமகள் முக்காட்டை விலக்கி அண்ணாந்தாள். செஃபெரீனு மூச்சிரைக்க வருவதற்குள் மாப்பிள்ளையின் தோழர்கள் ஓடிவந்து, படிப்படியாக இருவரையும் இறக்கினார்கள். புழுதியும் கண்ணீரும் சிரிப்புமாக அவர்கள் தரையில் கால் வைத்தபோது கூட்டமே கைதட்டியது. மணமகளின் அப்பா கையில் ஒயின் கிளாஸோடு வந்தார்.

"என் பொண்ணு கல்யாணத்துக்கு வானத்துலேருந்து எறங்கி வந்திருக்கீங்க. குடிக்காமப் போகக்கூடாது!"

குடித்தார்கள். அக்கார்டியன்காரன் ஒருவன் வாசிக்கத் தொடங்க, ஒற்றைச் செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் பெனில்டி அண்ணியை இழுத்துக்கொண்டு ஆடினாள். மதியம் மரநிழலில் கூடையைத் திறந்து, ஒரே தட்டில் கோழிச் சோறு தின்றார்கள். பிறகு பழைய ஊரின் சந்துகளில், பூத்தொட்டி தொங்கும் ஜன்னல்களுக்குக் கீழே, அண்ணி வாங்கிக் கொடுத்த மலிவுச் செருப்போடு பெனில்டி நடந்தாள். ஓர் அரண்மனையையோ அருங்காட்சியகத்தையோ அவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை. பேச வேண்டியது அத்தனை வருஷத்துக்கும் பாக்கி இருந்தது.

சாயங்காலம் தெருமுனையில் அபிலியு ஊன்றுகோலோடு காத்திருந்தான். அதே பஸ்ஸில் தங்கையும் போயிருக்கிறாள் என்று காலையிலேயே கேள்விப்பட்டு, நாள் முழுவதும் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பஸ் நின்றதும் உள்ளேயிருந்து இரண்டு பெண்கள் உரக்கச் சிரிப்பது கேட்டது. வேறு பஸ் போலிருக்கிறது என்று நினைத்தான்.

இருவரும் கைகோத்து இறங்கினார்கள். அவன் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான்.

"என்ன குடிச்சீங்க ரெண்டு பேரும்?"

"உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்றாள் தங்கை.

"இந்தக் கூடையைப் புடி" என்றாள் மனைவி. "நாங்க காப்பி குடிச்சிட்டு வர்றோம்."