பந்திக்கு முன்னால் இரண்டு மாத்திரை

முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தேன். உடம்பு தன்னைத்தானே நிலையாக வைத்துக்கொள்ளும் பாடத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வெயிலில் வியர்க்கும், குளிரில் நடுங்கும். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கணையம் இன்சுலினை விடும், குறைந்தால் கல்லீரல் சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடுக்கும். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. அந்த ஐந்து மதிப்பெண்ணைத் தாண்டி நானே அதை நம்பவில்லை போலிருக்கிறது.

எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. எங்கள் பக்கத்துச் சர்க்கரைக்காரர்களிடம் ஒரு பழக்கம். விருந்து என்றால் முன்கூட்டியே ஒரு மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள். டாக்டரிடம் சொல்ல மாட்டார்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.

போன வருடம் மனைவியின் ஊரில் கோயில் திருவிழா. சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம். ஊரே சேர்ந்து ஆடு அடித்து பிரியாணி போடுவார்கள். ஒரு மணிக்குப் பந்தி என்றார்கள். வயிற்றில் இடம் வேண்டும் என்று காலையில் எதுவும் சாப்பிடவில்லை. பதினொரு மணிக்கு இரண்டு மாத்திரை விழுங்கினேன்.

மனைவி பார்த்துவிட்டாள். "எதுக்கு ரெண்டு?"

"பிரியாணிக்கு."

"படிச்ச வாத்தியாரு. நான் என்னத்தச் சொல்ல."

அங்கே பாதிரியாரைச் சாமியார் என்பார்கள். அவர் வந்து ஜெபம் சொல்லி அண்டாக்களை மந்திரித்த பிறகுதான் மூடியைத் திறப்பார்கள். அவர் பக்கத்து ஊரில் பூசை முடித்துவிட்டு வரவேண்டும். மணி இரண்டைத் தாண்டியது. எனக்கு விரல் நடுங்கியது. சட்டை நனைந்தது. கூடவே கோபம். பந்திக்குப் பொறுப்பு என் மைத்துனன். அவனைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"சாமியாரு வர்ற வரைக்கும் நாங்க சாகணுமாடா?"

"செத்த நேரம் பொறுங்க மச்சான். பாலத்துக்கிட்ட வந்துட்டாராம்."

நாற்காலியை எட்டி உதைத்தேன். "மச்சானுக்குப் பசி வந்துருச்சு, யாரும் கிட்டப் போகாதீக" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஆச்சரியமில்லை. நான் சண்டை போடாத விசேஷம் அந்தக் குடும்பத்தில் கிடையாது.

உடம்பு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. வியர்வை, நடுக்கம், படபடப்பு, எரிச்சல். சர்க்கரை இறங்குகிறது என்று அதற்குத் தெரிந்த எல்லா வழியிலும் சொன்னது. கல்லீரலும் இருந்ததை அள்ளிக் கொடுத்திருக்கும். இந்தப் பக்கம் இரண்டு மாத்திரை கணையத்தைப் பிழிந்துகொண்டிருந்தது. எல்லாம் கரும்பலகையில் நானே எழுதிப்போட்ட அறிகுறிகள். நான் அதை நியாயமான கோபம் என்று நினைத்தேன்.

என்னை அடக்குவதற்காக மனைவி வந்தாள். கையைப் பிடித்தவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ஏன் இம்புட்டுக் குளுந்து கெடக்கு?"

"நீங்க எந்த ஊரு?" என்று அவளிடம் கேட்டேனாம். எனக்கு ஞாபகமில்லை. கூப்பிட்டாலும் பதில் வராத நிலைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். காலையில் போட்ட இரண்டு மாத்திரை அவளுக்கு ஞாபகம் வந்தது. பெட்டிக்கடைக்கு ஓடிப்போய் கலர் சோடா பாட்டில்களைத் தூக்கிவந்து, தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். முதல் பாட்டில் பாதி சட்டையில்தான் போனது. இரண்டாவது முடியும்போது அவள் யார் என்று தெரிந்தது.

அம்பது வயதுவரை அந்தச் சர்க்கரையை உடம்பே ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டது. என்னிடம் ஒருநாளும் யோசனை கேட்கவில்லை. அந்த வேலையை அன்று மத்தியானம் நான் கையில் எடுத்தேன். நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை.

சாமியார் வந்தார், பந்தி நடந்தது. சாப்பிட்டு முடித்ததும் மைத்துனனிடம் போய், கத்தியதை மனதில் வைக்காதே என்றேன்.

"அட, நீங்க எப்பவும் அப்படித்தான மச்சான். நான் ஒண்ணும் நெனைக்கல."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மறுபடி சர்க்கரை இறங்கி நான் கத்தினால், இவர்கள் மறுபடி சிரிப்பார்கள். அன்று மனைவி வந்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் வருவாளா?

இப்போது மாத்திரை ஒன்றுதான், சாப்பாடு இலையில் விழுந்த பிறகு. சட்டைப்பையில் நாலு மிட்டாய் வைத்திருக்கிறேன். கோபம் வந்தால் முதலில் ஒன்றை வாயில் போட்டுக்கொள்கிறேன். கால்மணி நேரம் கழித்தும் கோபம் இருந்தால், அதற்கப்புறம் திட்டுகிறேன்.