ஹெல்மெட்டில் கிடந்த ஆறாவது தாள்

என் வாயிலிருந்து வருவதில் பாதி புளுகு என்பது கல்லூரிக்கே தெரியும். இது மீதிப் பாதி. நடந்தது. நான் அங்கேதான் இருந்தேன்.

எங்கள் எழுத்துக் கூட்டம் மூன்றாவது மாடியில், உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைக்கும் அறையில் நடக்கும். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. எழுதியதைப் பெயர் போடாமல் ஒரு ஹெல்மெட்டுக்குள் போட வேண்டும். 'மைக்' என்று நாங்கள் கூப்பிடும் பெருங்குரல்காரன் வாசிப்பான். மற்றவர்கள் குறை சொல்லிக் கிழிப்பார்கள். கிழித்து முடிக்கும்வரை எழுதியவர் மூச்சுவிடக் கூடாது. அப்புறம்தான் "என்னுது" என்று கை தூக்கலாம். கிழிப்பதில் நான் கெட்டிக்காரன், பட்டப்பெயரே கத்தரிக்கோல். எழுதுவதில் எப்படி என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று என்னையும் சேர்த்து ஆறு பேர். அதில் ஒருத்தி, கதவோரம் உட்கார்ந்திருந்த புது முதலாமாண்டுப் பெண். 'சின்னது' என்று அதற்குள் பெயர் வைத்தாயிற்று. யார் கண்ணையும் பார்க்காமல், வலது கையால் நோட்டு ஓரத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தாள். புதிதாக வருகிறவர்கள் என் வாய்க்குப் பயந்தே ஓடிவிடுகிறார்கள். இவளை ஓட விடக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

ஐந்து தாள்கள் முடிந்தன. ஐந்து பேரும் கை தூக்கிவிட்டோம். மிச்சம் ஒரு தாள். அவளுடையதுதான், வேறு யாருடையது?

மைக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "என்னடா, மை முழுக்க ஈஷியிருக்கு? இடது கையால எழுதினா இப்படித்தான் ஆகும்."

அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வாசித்தான். ஒருவன் படியேறுகிறான். முதல் மாடி. இரண்டாவது மாடி. மூன்றாவது...

வெளியே படிக்கட்டில்... டக்... டக்...

"வாட்ச்மேனா இருக்கும்," என்றேன்.

கதையில் அவன் ஒரு கதவுக்கு வெளியே வந்து நிற்கிறான். உள்ளே ஆறு பேர். யாராவது கூப்பிட்டால்தான் நுழைய முடியும். அவ்வளவுதான். கதை நின்றுவிட்டது.

டக் சத்தமும் நின்றது.

கதவடியில் எப்போதும் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். இப்போது அதன் நடுவில் இரண்டு கால் அளவுக்கு இருட்டு.

பார்த்தேன். பார்த்தும், அவள் முகத்துக்காக, ஜென்மத்தில் முதல்முறையாக இனிமையாகப் பேசினேன். "பிரமாதம்மா. முடிவுதான் இல்ல. பாவம், எவ்வளவு நேரம் வெளிய நிப்பான்? உள்ள வரச் சொல்லு."

"அண்ணா... நான் எதுவும் போடவே இல்லையே..."

கதவு திறந்தது.

யாருமில்லை.

குளிர்...

அவள் காதருகே ஒரு மூச்சு. எல்லாருக்கும் கேட்டது.

"என்னுது."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு விழுந்தடித்து ஓடினோம்.

மறுமாதம், அந்தக் காலத்தில் இந்தக் கூட்டத்தைத் தொடங்கியவரைத் தேடிப் போனேன். ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறார். சொல்லச் சொல்ல, அவர் பேனா அப்படியே நின்றது.

"அந்தத் தாளா? எங்க காலத்துலயும் வருஷா வருஷம் வரும் தம்பி. நாங்க ஒரே பதில்தான் சொல்லுவோம். 'நல்லாருக்கு, வெளியவே நிக்கட்டும்'னு. நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன்.

பேனாவை மூடிவைத்தார். பிறகு, "அன்னிக்குக் கதவோரம் யாரு உக்காந்திருந்தது?"

"சின்னப் பொண்ணு சார். நல்லாத்தான் இருக்கா. இப்பல்லாம் பயமே இல்ல. பக்கம் பக்கமா எழுதித் தள்ளுறா."

"எந்தக் கையால?"

சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை.

"கிழிச்சுடாதீங்கண்ணா" என்று காலையில் அவள் கொடுத்த தாள் பையில் இருந்தது. மெல்லப் பிரித்தேன்.

மை முழுக்க ஈஷியிருந்தது.