சைக்கிளில் மட்டும் சரியாகப் போனவர்

வால்வுக்காரர் நடிக்கிறார் என்று தெருக்குழாயடியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஆபீசில் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாராம், வெளியே வந்ததும் சைக்கிளில் ஏறி ராஜா மாதிரி பறப்பாராம். உட்கார்ந்தே சம்பளம் வாங்கப் போட்ட திட்டம் என்றாள் ஒருத்தி. அவருக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அங்கே போகும்போது மட்டும் கால் நன்றாக வேலை செய்கிறது என்று இன்னொருத்தி கண்ணும் மூக்கும் வைத்தாள். குழாய் காய்ந்தால் வாயில் வெள்ளம் வருவது உலக வழக்கம்.

உண்மையில் நடந்தது என்ன என்று தெரிய வேண்டுமானால் அவருடைய பெண்டாட்டியின் பக்கத்தில் போய் நிற்க வேண்டும்.

தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. நீளமான இரும்புச் சாவி ஒன்று சைக்கிள் பாரோடு கட்டிக் கிடக்கும். இறங்கி, குழியின் மூடியைத் தூக்கி, சாவியை விட்டுத் திருகினால் அந்தத் தெருவுக்கு விடியும்.

பெண்டாட்டிக்கு முதலில் உறுத்தியது அவர் காலல்ல, முகம்.

"மூஞ்சிய ஏன் இப்படி வச்சிருக்கீங்க? நான் என்ன பண்ணேன்?"

"எப்படி வச்சிருக்கேன்?"

"எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி."

"சிரிச்சுக்கிட்டுதானேடி இருக்கேன்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். அப்புறம் சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம் ஆனது. சோம்பேறித்தனம் என்று திட்டினாள். அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியபோது பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "மூக்க எங்க அடகு வச்சீங்க?" என்று கத்தினாள். ராத்திரி புரண்டு படுக்க முடியாமல், தன்னைத் தள்ளிவிடச் சொல்லி அவளைக் கேட்டபோதுதான் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை.

ஆபீசில் சூப்பர்வைசருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. தண்ணீர் ஏன் தாமதம் என்று புகார் மேல் புகார். ஒருநாள் முனைக் கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்.

"என்னய்யா, ஆபீஸ்ல நீ நடந்தா எறும்பு முந்திக்கிட்டுப் போகுது. இங்க ரேஸ் ஓட்டுற!"

"எனக்கே புரியல சார். ஏறினா ஓடுது. இறங்கினா கால் தரையோட ஒட்டிக்குது."

"கதை விடாத. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நோய்னு டாக்டர் சொன்னா உட்கார்ற வேலை. இல்லேன்னா வீட்ல போய் உட்காரு, சம்பளம் இல்லாம."

அன்று முதல் பெண்டாட்டிக்கு அந்தச் சைக்கிள் எமனாகத் தெரிந்தது. நடக்க முடியாதவன் சைக்கிள் மிதிக்கிறான் என்றால் எந்த டாக்டர் நம்புவார்? ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போகும்போதே சொல்லி வைத்தாள்: "சைக்கிளப் பத்தி மூச்சு விடாதீங்க. நான் பேசிக்கிறேன்."

டாக்டரம்மா சின்ன வயசு. விரலை விரலோடு தட்டச் சொன்னார். அவர் கைவிரல் தட்டத் தட்டச் சுருங்கி நின்றுபோனது. தரையில் போட்டிருந்த கோட்டின் மேல் குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். மெதுவாக, ஆனால் விழாமல் நடந்தார். வாசனை தெரிகிறதா, பொத்தான் போட முடிகிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தவர், "சைக்கிள் ஓட்டுவீங்களா?" என்றார்.

அவள் முந்திக்கொண்டாள். "ஐயோ, இல்லீங்க டாக்டர். முன்னாடி ஓட்டுவாரு. இப்ப ஏறினாலே சாய்ஞ்சிடுறாரு."

டாக்டரம்மாவின் பேனா நின்றது. "எப்பத்துலேருந்து?"

நல்லா நம்புறாங்க என்று அவளுக்குத் தைரியம் வந்தது. "நடை கெட்ட அன்னைக்கே அதுவும் போச்சுங்க. போன வாரம்கூட சாக்கடையில விழுந்தாரு." இல்லாத சாக்கடைக்கு அளவு சொல்லாததுதான் பாக்கி.

டாக்டரம்மா நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த இழுப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. "அம்மா, நான் நினைக்கிற நோய் மாதிரியே தெரியுற வேற நோயெல்லாம் இருக்கு. கொஞ்சம் வேகமா ஆளச் சாய்ச்சிடும். மாத்திரையும் சரியா கேக்காது. ஆரம்பத்துலயே சைக்கிள் ஓட்ட வராமப் போச்சுன்னா அந்தப் பக்கம்தான் சந்தேகம் போகும்."

வேலையைக் காப்பாற்ற விட்ட பொய் புருஷனையே கொண்டுபோகப் பார்க்கிறது. அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"பொய் டாக்டர்," என்றார் அவர், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரலில். "நல்லா ஓட்டுவேன். இவதான் பயந்துட்டா."

டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா தெரியாது. இருவரையும் கீழே கூட்டிப்போய், வண்டி நிறுத்துமிடத்து வாட்ச்மேனின் சைக்கிளைக் கேட்டு வாங்கினார். அதுவரை போவதற்குள் அவர் கால் பலமுறை ஒட்டிக்கொண்டது. ஏற்றிவிட்டதும் கிளம்பினார். வரிசையாக நின்ற வண்டிகளைச் சுற்றி, ஒரு கோணல் இல்லாமல், வளைந்து திரும்பி வந்தார். கல்யாணமான புதிதில் அவளைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிய அதே முதுகு. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"இது மட்டுமே வச்சு முடிவு பண்ண முடியாது. ஆனா நல்ல துப்பு," என்றார் டாக்டரம்மா. "பார்க்கின்சன் மாதிரிதான் இருக்கு."

"குணமாயிடுமா?"

"குணமாகாதும்மா. மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கலாம். அப்புறம், ரோட்டுல சைக்கிள் வேண்டாம். ஓட்ட வருது, சட்டுனு இறங்கிக் கால் ஊன்ற வராது."

நல்ல சேதியா கெட்ட சேதியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. வேகமாகச் சாகடிக்கிற நோய் இல்லையாம், விட்டுப் போகிற நோயும் இல்லையாம். அவருக்குச் சரியாக வந்த ஒரே வேலையான சைக்கிளும் சங்கிலி போட்டு மூலையில் நின்றது. சூப்பர்வைசரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பம்ப் ஹவுஸ் வாசலில் ஒரு நாற்காலி கொடுத்தார். திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட அவளுக்கு நெஞ்சு ஆறியிருக்கும்.

குழாயடிக்கு மட்டும் ஆறவில்லை. வீட்டுக்கு எதிரிலேயே இருந்த குழாயில் குடத்தை வைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்காரி ஆரம்பித்தாள்: "எப்படியோ அண்ணன் நாற்காலியப் பிடிச்சிட்டாரு அக்கா. நடிப்புன்னா அப்படி இருக்கணும். இனிமே அந்த இன்னொரு வீட்டுக்கும் நேரம் கிடைக்கும்."

அவள் பதிலுக்கு வாயைத் திறந்தாள். பார்க்கின்சன் என்ற சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டாள்.

வேலைக்குக் கிளம்பிய அவர் வாசலில் நின்றார். கால் வரவில்லை. உடம்பு முன்னால் சாய்ந்தது, செருப்பு இருந்த இடத்திலேயே நடுங்கியது. அவள் ஓடிப்போய்த் தோளைப் பிடித்தாள். அவர் குரல் அவ்வளவு சன்னமாக வந்ததால் எல்லோரும் குழாயை மூடிவிட்டுக் கேட்க வேண்டியிருந்தது.

"எனக்கு நடிக்கத் தெரிஞ்சா நல்லா இருக்கிறவனா நடிச்சிருப்பேனே. இன்னொரு வீடாம்... இந்த வீட்டு வாசலையே தாண்ட முடியலம்மா எனக்கு."